வரப்போகும் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி மாணவர். வீட்டில் ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 1080பி மானிட்டர். அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, அடுத்து வரப்போற நடுத்தர கார்டு பத்தி தினமும் ஒரு லீக் (கசிந்த தகவல்) வருது. இத்தனை கோர், இத்தனை பிட் பஸ்னு போடுறாங்க. அதை வச்சு கார்டு எவ்வளவு வேகமா ஓடும்னு முன்னாடியே சொல்ல முடியுமா? நான் காத்திருக்கவா, இப்பவே வாங்கிடவா?"

சொல்ல முடியும் தம்பி. பெரும்பாலும் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அந்த அளவுக்கு நெருங்க, கோர் (கார்டில் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கையைப் பழைய கார்டின் எண்ணிக்கையால் வகுத்தால் போதாது. பழைய கார்டுக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டியது, புதியது அந்த இடத்தைத் திறந்து விடுகிறதா என்று பார்க்க வேண்டும். என் கணிப்பு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றனவே, அங்கே வாங்கிய கணக்குப்பிள்ளை சாய்வு மேசை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பெட்டிக்குள் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு கார்டு வெளியாவதற்கு முன் என் கணிப்பை இடது பக்கம் பென்சிலில் எழுதுவேன். வெளிவந்து, நாலைந்து இடங்களில் முறையாகச் சோதித்த முடிவுகளைப் பார்த்தபின் வலது பக்கம் பேனாவில் எழுதுவேன். பற்று, வரவு மாதிரி. இரண்டு பக்கமும் எங்கே பொருந்தியது, எங்கே விலகியது என்று பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் டெராஃப்ளாப், அதாவது கார்டு நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, கிளாக் வேகத்தால், அதாவது கோர் இயங்கும் வேகத்தால், பெருக்கினால் வரும் எண் இது. லீக் போடுகிறவர்களுக்குப் பிடித்த எண்ணும் இதுதான். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட இது உதவும். தலைமுறை மாறினால் ஏமாற்றும். 2018-ல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 13.4 டெராஃப்ளாப். 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 20.3 டெராஃப்ளாப். எண்ணைப் பார்த்தால் பாதிக்குப் பாதி கூடுதல். கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 3070 வந்த ஆம்பியர் தலைமுறையில் கோரை எண்ணும் விதமே மாறிவிட்டது. முன்பு முழு எண் கணக்குக்கு மட்டும் இருந்த பாதை தசமக் கணக்கையும் செய்யத் தொடங்கியதால், அதையும் கோராகச் சேர்த்துவிட்டார்கள். ஏஎம்டியிலும் இதுபோன்ற கதை; அங்கே கோர் எண்ணிக்கை மாறவில்லை, ஒரு கோரின் வேலையை எண்ணும் விதம் மாறியது. ஆர்எக்ஸ் 6650 எக்ஸ்டி 10.8 டெராஃப்ளாப். அதே 2048 கோரோடு 2023 மே மாதம் வந்த ஆர்எக்ஸ் 7600 21.7 டெராஃப்ளாப். இரண்டு மடங்கு. கேமில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள். ஆகவே "டெராஃப்ளாப் இரண்டு மடங்காம்" என்று யாராவது சொன்னால், எண்ணும் முறை மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது மூச்சு முட்டும் இடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டுக்குப் பின்னால் அடுப்படி. பந்தி, முற்றத்தைச் சுற்றிய வளவில். அடுப்படியில் இருபது சமையல்காரர்கள் நின்று சமைக்கலாம். அங்கிருந்து வளவுக்கு வரும் நடை குறுகலாக இருந்தால், பரிமாறுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும், இலையில் சோறு விழாது. கோர்கள் சமையல்காரர்கள். மெமரி பேண்ட்விட்த், அதாவது மெமரியிலிருந்து கோர்களுக்கு நொடிக்கு எவ்வளவு தரவு வர முடியும் என்பது, அந்த நடை. கேஷ் மெமரி என்பது பந்திக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடும் அண்டா. அது இருந்தால் ஒவ்வொரு கரண்டிக்கும் அடுப்படிக்கு ஓட வேண்டாம். ஆனால் பந்தி பெரிதானால், அதாவது திரையின் தெளிவுத்திறன் 1080பி-யிலிருந்து 1440பி, 4கே என்று போனால், அண்டா சீக்கிரம் காலியாகிவிடும், மறுபடி நடையை நம்பித்தான் ஆக வேண்டும்.

இதை எண்ணாக்க நான் செய்வது எளிய வகுத்தல். நொடிக்கு எத்தனை ஜிபி பேண்ட்விட்த் என்பதை டெராஃப்ளாபால் வகுப்பேன். ஒரு டெராஃப்ளாப் வேலைக்கு எவ்வளவு அகல நடை கிடைக்கிறது என்று அது சொல்லும்.

ஆர்டிஎக்ஸ் 3060: 360 ஜிபி, 12.7 டெராஃப்ளாப். விடை 28. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ: 448 ஜிபி, 16.2 டெராஃப்ளாப். அதுவும் ஏறக்குறைய 28. அடுத்த தலைமுறையில் ஆர்டிஎக்ஸ் 4060: 272 ஜிபி, 15.1 டெராஃப்ளாப். விடை 18. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ: 288 ஜிபி, 22 டெராஃப்ளாப். விடை வெறும் 13.

4060-ல் கேஷ் 24 எம்பி, 4060 டிஐ-யில் 32 எம்பி. முந்தைய 3060-ல் இருந்தது 3 எம்பிதான். ஆகவே பெரிய அண்டா வந்துவிட்டது, நடை குறுகினாலும் சமாளிக்கும் என்பது என்விடியாவின் கணக்கு. 4060 விஷயத்தில் அது சரியாக இருந்தது. டெராஃப்ளாப் 19% கூடியது, கேமிலும் 1080பி-யில் கிட்டத்தட்ட அதே அளவு கூடியது. 4060 டிஐ-யில் பொருந்தவில்லை. டெராஃப்ளாப் 36% கூடியும் 3060 டிஐ-யை விட 1080பி-யில் பத்து சதவீதம் சொச்சம்தான் வேகம். தெளிவுத்திறன் ஏற ஏற அதுவும் தேய்ந்தது. சமையல்காரர்களைக் கூட்டிவிட்டு நடையைக் குறுக்கியதன் விளைவு.

இனி வருவதுதான் சுவாரசியம். இந்த 13 என்ற எண் நோட்டில் இருந்ததால்தான் 2025-ல் வந்த கார்டுகளை என்னால் நெருங்கிக் கணிக்க முடிந்தது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பற்றிய விவரங்கள் வந்தபோது, 4060 டிஐ-யின் 4352 கோர் 4608 ஆகியிருந்தது, கிளாக் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். கணக்குத் திறன் 7% மட்டுமே கூடுதல். "ஏழு சதவீதத்துக்கு ஒரு புதுத் தலைமுறையா" என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் ஜிடிடிஆர்7 என்ற புதிய வகை மெமரியால் பேண்ட்விட்த் 288-லிருந்து 448 ஆனது. 55 சதவீதத்துக்கும் மேல். நம் விடை 13-லிருந்து 19-க்கு ஏறியது. ஏற்கெனவே மூச்சு முட்டிய கார்டுக்கு நடையைத் திறந்துவிட்டால், கோர் கூடாவிட்டாலும் வேகம் கூடும். வேகம் 14 சதவீதம் கூடும் என்று பென்சிலில் எழுதினேன். பேனாவில் எழுதியது 15-ஐச் சுற்றி.

அதே நேரம் 5060-ஐப் பாருங்கள். கோர் 3072-லிருந்து 3840. பேண்ட்விட்த் 272-லிருந்து அதே 448. பேண்ட்விட்த் 65% ஏறிவிட்டது என்பதற்காக வேகமும் அப்படி ஏறாது. 4060 அவ்வளவாக மூச்சு முட்டிய கார்டு இல்லை. ஆகவே வேகம் கணக்குத் திறன் கூடிய அளவை, அதாவது 27 சதவீதத்தைத் தாண்டாது, அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் என்று எழுதினேன். 20-க்கும் 25-க்கும் இடையில் வந்தது. இரண்டு கார்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் ஒரே மெமரி, ஒரே 448. ஆனாலும் கணிப்பு முறை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில். பழைய கார்டின் நோயைத் தெரிந்துகொள்ளாமல் புதியதன் எண்களை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

நான் தவறிய பக்கமும் நோட்டில் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகமாகத் திருப்பிப் பார்க்கிறேன். ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. ஆர்எக்ஸ் 7600 எக்ஸ்டியோடு ஒப்பிட்டால் அதே 2048 கோர், அதே 128 பிட் பஸ் (மெமரிப் பாதையின் அகலம்). கிளாக் 2.75-லிருந்து 3.13 ஜிகாஹெர்ட்ஸ். பேண்ட்விட்த் 288-லிருந்து 320. எல்லாம் பத்துப் பதிமூன்று சதவீதம். முதலில் பென்சிலில் 15 என்று எழுதினேன். 2025 ஜூனில் வந்தபோது 30 சதவீதத்துக்கு மேல் வேகம். கோர் வேலை செய்யும் விதத்தையே ஆர்டிஎன்ஏ 4 தலைமுறையில் மாற்றி அமைத்திருந்தார்கள், அது எந்த விவரப் பட்டியலிலும் ஓர் எண்ணாக வராது.

அதைக் கணிக்க வழியே இல்லையா என்றால், இருந்தது. அந்த வழி என் கண் முன்னேயே மூன்று மாதம் கிடந்தது. 2025 மார்ச்சில் பெரிய அண்ணன் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி வந்துவிட்டது. அண்ணனுக்கு 64 கம்ப்யூட் யூனிட் (கோர்களின் தொகுதி), தம்பி 9060 எக்ஸ்டிக்கு 32. அண்ணனுக்கு 256 பிட், தம்பிக்கு 128. அண்ணனுக்கு நொடிக்கு 640 ஜிபி, தம்பிக்கு 320. எடுத்து அளந்ததுபோல் சரிபாதி. சிப்பைப் பாதியாக வெட்டினால் வேகம் சரிபாதியாகக் குறையாது, பாதிக்குச் சற்று மேலேயே நிற்கும். பெரிய சிப்பில் எல்லாக் கோர்களுக்கும் எல்லா நேரமும் வேலை கொடுப்பது கடினம், சின்னச் சிப்பில் அந்த வீணடிப்பு குறைவு, கிளாக்கும் சற்று அதிகம். 9070 எக்ஸ்டியின் அளந்த முடிவுகளில் பாதியைச் சற்று கூட்டி எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். அன்றிலிருந்து என் முறை இதுதான். நடுத்தர கார்டு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அண்ணன் வந்த பிறகு, லீக்கைத் தூக்கி வைத்துவிட்டு அண்ணனை அளந்து தம்பியைச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறைக்கும் உங்களுக்கு நான் தருகிற முதல் ஆலோசனை இதுவே. மேல்நிலை கார்டு வெளியாகாதவரை நடுத்தர கார்டைப் பற்றிய எந்தச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம். நான் சொன்னாலும் சரி.

இன்னொன்று, சிப் தயாரிக்கும் முறை. 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டரில் வந்தது. 4060 டிஎஸ்எம்சியின் 4என் முறைக்கு மாறியது. அதனால்தான் கிளாக் 1.78-லிருந்து 2.46 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தாவியது, மின்சாரம் 170 வாட்டிலிருந்து 115-க்கு இறங்கியது. 5060-ம் அதே வகை 4 நானோமீட்டர்தான், ஆகவே கிளாக் அசையவில்லை, வாட் 145 ஆக ஏறியது. அடுத்த நடுத்தர கார்டு 3 நானோமீட்டருக்குப் போனால் கிளாக்கில் ஒரு தாவலை எதிர்பார்க்கலாம். போகாவிட்டால் கூடுதல் வேகத்துக்கு ஒரே வழி கூடுதல் கோர், கூடுதல் வாட். லீக்கில் கோர் எண்ணிக்கையைத் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள்.

பெயரை வைத்து எதையும் கணிக்காதீர்கள். 1060, 2060, 3060 மூன்றும் '106' என்று முடியும் சிப்பில் வந்தன. 4060 ஒரு படி இறங்கி, அதைவிடக் கீழ்ப்படியான '107' சிப்பில் வந்தது. பெயர் மட்டும் அதேதான். 2022 கடைசியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட், 240 ஜிபி பேண்ட்விட்த் கொண்ட இன்னொன்று வந்தது. டப்பாவைப் பார்த்து வாங்கியவர்களுக்கு 360-க்குப் பதில் 240 கிடைத்தது.

நிறுவனங்கள் வெளியீட்டு விழாவில் காட்டும் வேகப் பட்டை வரைபடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் 549 டாலர் 5070-க்கு 4090-இன் வேகம் என்று என்விடியா மேடையில் சொன்னது. இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) இடையில் மூன்று ஃப்ரேம்களை ஏஐ மூலம் உண்டாக்கும் வசதியைச் சேர்த்து எண்ணியது அது. அந்த வசதியை நிறுத்திவிட்டால் 5070 அதன் அருகில்கூடப் போகாது. பட்டையின் அடியில் சின்ன எழுத்தில் ஃப்ரேம் ஜெனரேஷன் என்று இருந்தால், கணிப்புக்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வசதி இல்லாமல் காட்டியிருக்கும் ஒன்றிரண்டு பழைய கேம் பட்டைகளை மட்டும் பாருங்கள், அவை பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும்.

வேகத்தைக் கணிப்பதைவிட மெமரி அளவைக் கணிப்பது எளிது, கிட்டத்தட்ட பிசகாது. ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட். 128 பிட் பஸ் என்றால் நாலு சிப். ஒரு சிப் 2 ஜிபி என்றால் மொத்தம் 8. போர்டின் இரண்டு பக்கமும் ஒட்டினால் 16. 10 ஜிபி வராது. ஜிடிடிஆர்7-ல் 3 ஜிபி சிப்புகளும் வந்துவிட்டன, மடிக்கணினிக்கான 5090-ல் 24 ஜிபி அப்படித்தான் கிடைத்தது. ஆகவே 128 பிட் கார்டில் அடுத்த முறை 12 ஜிபி வருவது கணக்கில் இடம் உள்ள ஒன்று. 192 பிட் என்றால் 12 அல்லது 18. யாராவது "128 பிட், 10 ஜிபி" என்று லீக் போட்டால் அந்த லீக்கை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன் தம்பி. எல்லாரும் கணிப்பது சோதனைக்கூடத்தில் ஓடும் கார்டை. அங்கே சந்தையிலேயே வேகமான பிராசசர் இருக்கும், பிசிஐஇ 5.0 (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதையின் புதிய தலைமுறை) உள்ள போர்டு இருக்கும், ஏசி அறை இருக்கும். உங்களிடம் இருப்பது 3600-ம் பி450-ம்.

பி450 போர்டில் பிசிஐஇ 3.0தான். 5060, 5060 டிஐ இரண்டும் அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்துபவை. 3.0-ல் எட்டு லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபி அளவு. 9060 எக்ஸ்டி பதினாறு லேனையும் பயன்படுத்தும், உங்கள் போர்டில் நொடிக்கு 16 ஜிபி அளவு கிடைக்கும். கார்டின் மெமரி நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி, மீதியை ரேமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும் நிமிடத்தில் கேம் திக்கித் திக்கி ஓடும். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு 4 ஜிபி மெமரி, நாலே லேன். 3.0 போர்டில் அது பட்ட பாட்டை என் மேசையிலேயே பார்த்தேன். புதுவயலிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கணினி. கேமில் டெக்ஸ்சர் தரத்தை 'ஹை' என்று வைத்தால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பரவாயில்லை, ஆனால் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் படம் அரை நொடி நின்று நின்று போகும். 'மீடியம்' என்று ஒரு படி குறைத்ததும் வெண்ணெய் போல ஓடியது. கார்டும் அதுதான், பிராசசரும் அதுதான். மெமரி நிரம்பாமல் இருந்தது மட்டுமே வித்தியாசம். ஆகவே உங்கள் போர்டுக்கு நடுத்தர கார்டு வாங்கினால் 8 ஜிபி வேண்டாம். 12 அல்லது 16 ஜிபி உள்ளதையே எடுங்கள். இன்டெலின் ஆர்க் பி580-க்கு 12 ஜிபி இருக்கிறது, கைக்கும் அடக்கமானது, ஆனால் அதன் டிரைவர் மென்பொருள் பிராசசரை அதிகம் வேலை வாங்குகிறது. 3600-ஓடு அதைச் சேர்க்க மாட்டேன்.

3600-ஐப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்டு சோதனைக்கூடத்தில் 140 எஃப்பிஎஸ் கொடுக்கும் கேமில் 3600 நூறைத்தான் தயார் செய்து கொடுக்கும் என்றால், உங்களுக்குக் கிடைப்பது நூறு. அதற்குமேல் நாம் கணித்த சதவீதம் எதுவும் உங்கள் திரைக்கு வராது. உங்கள் பிராசசர் எவ்வளவு தாங்கும் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். இருக்கிற 1650-ஐ வைத்துக்கொண்டே, விளையாடும் கேமில் தெளிவுத்திறனை 720பி-க்கும் கீழே இறக்கி, நிழல், ஒளி எல்லாவற்றையும் குறைத்து, கூட்டமான இடத்தில் நின்று எஃப்பிஎஸ் பாருங்கள். அங்கே வரும் எண்தான் உங்கள் கூரை. எந்த லீக்கையும்விட உங்களுக்கு உபயோகமான எண் அது.

நம் ஊர் வெயிலும் கணக்கில் வரும். சித்திரை, வைகாசியில் மதியம் அறைக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டும். கார்டு சூடேற ஏற கிளாக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். சில சதவீதம்தான் இழப்பு, ஆனால் ஃபேன் சத்தம் கூடிவிடும். கனமான சுவரும் உயரமான கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள பழைய வீடு என்றால் வளவை ஒட்டிய அறையில் வையுங்கள், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைக்காதீர்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் தரமில்லாத எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று வெடித்து என்னுடைய கார்டு ஒன்றே போயிருக்கிறது. கார்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள்.

காத்திருப்பதா, வாங்குவதா? 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களுக்காக மெமரி சிப்புகள் போவதால் மெமரி விலை ஏறியிருக்கிறது. கார்டுகளின் விலையில் மெமரிக்குப் பெரிய பங்கு உண்டு, அதற்குமேல் நம்மிடம் 18% ஜிஎஸ்டி. "புதியது வந்தால் பழையது மலிவாகும்" என்ற பழைய நம்பிக்கை இப்போது அவ்வளவு உறுதியானது இல்லை. உங்களிடம் 4060-ஓ 6650 எக்ஸ்டியோ இருந்திருந்தால் காத்திருங்கள் என்றே சொல்வேன். 1650-இல் இருந்து 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்குப் போனால் கிடைக்கும் தாவலைக் கணிக்க நோட்டுப் புத்தகம் வேண்டாம், முதலில் வந்த 1650-இன் பேண்ட்விட்த் 128 ஜிபி, மெமரி 4 ஜிபி. விலை உங்கள் கைக்குள் இருந்தால் வாங்கிவிடுங்கள். அடுத்த கார்டு இதைவிட இருபது சதவீதம் வேகமாக வந்தாலும், உங்கள் 3600 அதை வெளியே விடாது. அடுத்த கார்டுக்குப் போகாமல் மிச்சமாகும் பணத்துக்கு பின்னாளில் அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போடலாம், போர்டின் பயோஸ் மென்பொருளை மட்டும் முன்னதாக அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

நான் சொன்ன கூரைச் சோதனையைச் செய்து எண்ணை அனுப்புங்கள். எந்த கேம், எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதையும், கேபினட்டுக்குள் கார்டு வைக்க எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.